எர்வே ரெனார்: புகழில்லாத ஆட்டக்காரர், கோப்பை வென்ற பயிற்சியாளர்

கால்பந்துப் பயிற்சியாளர்களில் பலர், ஆட்டக்காரராக ஈட்டிய புகழை முதலாகக் கொண்டே அப்பொறுப்புக்கு வருகின்றனர். பிரான்சைச் சேர்ந்த எர்வே ரெனாருக்கு அத்தகைய முதல் எதுவும் இருக்கவில்லை. 1968இல் பிறந்த அவர், எதிரணி கோலை நெருங்காமல் தடுக்கும் தற்காப்பு ஆட்டக்காரராகக் கான் கழகத்தில் தொடங்கி, பின்னர் வல்லோரிஸ், திராகிஞான் ஆகிய சிறிய கழகங்களில் ஆடி, முப்பது வயதையொட்டி ஓய்வுபெற்றார். 1999இல் திராகிஞான் கழகத்துக்கே பயிற்சியாளரான பிறகும் அந்த வருமானம் போதாமல், துப்புரவு வேலை செய்தபடியே பயிற்சியும் அளித்துவந்தார்.

மூத்த பயிற்சியாளர் கிளோத் லெ ரொய் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டது திருப்புமுனையாயிற்று. சீனா, இங்கிலாந்து, வியட்நாம், கானா எனப் பல நாடுகளில் பணியாற்றிய ரெனார், 2008இல் ஜாம்பியா தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். இடையில் விலகி, 2011இல் மீண்டும் அங்கேயே திரும்பினார்.

1993இல் ஜாம்பியா அணியினர் சென்ற விமானம் காபோனின் தலைநகர் லிப்ரவீலுக்கு அருகே கடலில் விழுந்து அனைவரும் உயிரிழந்திருந்தனர். 2012 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையின் இறுதிப் போட்டி அதே நகரில் நடந்தபோது, ஐவரி கோஸ்ட் அணியைப் பெனால்டி உதைகளில் 8–7 என வென்று ஜாம்பியா முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. ஆட்டத் தொடக்கத்திலேயே காயமுற்று வெளியேறிய ஜோசப் முசோண்டாவை ரெனார் தம் கைகளில் தூக்கிச்சென்று, கொண்டாடிக்கொண்டிருந்த சக ஆட்டக்காரர்களிடம் சேர்த்தார். 2015இல் ஐவரி கோஸ்டுக்கும் அதே கோப்பையைப் பெற்றுத்தந்ததன் மூலம், இரு வேறு நாடுகளுடன் அதை வென்ற முதல் பயிற்சியாளர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

ஆனால் பிரான்சின் முதல்நிலைக் கழகங்களில் இந்த வெற்றி கைகூடவில்லை: சொஷோ 2014இல் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது, லீல் சில மாதங்களிலேயே அவரை விடுவித்தது. கழகப் பயிற்சியாளர் வாரந்தோறும் ஆட்டம், நீண்ட பருவம், ஆட்டக்காரர் விற்பனை ஆகியவற்றைச் சமாளிக்க வேண்டும். தேசிய அணியிலோ சில நாள்களுக்குள் ஆட்டக்காரர்களை ஒரே நோக்கில் இணைக்கும் திறமையே முதன்மையானது. ரெனாரின் வலிமை பின்னதில்தான் இருந்தது.

அவரது தற்காப்பு அறிவு மிகத் தெளிவாக வெளிப்பட்டது, 2022 உலகக் கோப்பையில் அவர் பயிற்றுவித்த சவூதி அரேபியா, அர்ஜென்டினாவைச் சந்தித்த ஆட்டத்தில்தான். பந்து தரப்படும் நொடியில், எதிரணியின் கடைசி இருவரில் முன்னால் நிற்பவரையும் பந்தையும் தாண்டிக் கோலுக்கு அருகில் இருப்பவர் ஆட்டத்தில் ஈடுபடக் கூடாது என்பது ஆஃப்சைடு விதி. சவூதித் தற்காப்பாளர்கள் தம் கோலை ஒட்டி நிற்காமல், ஒரே வரிசையாக ஏறக்குறைய மைதானத்தின் நடுப்பகுதிவரை முன்னேறி நின்றதால், முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு எனத் தள்ளுபடியாயின. ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் வரிசை முழுவதும் குலைந்துவிடும் இந்த ஆபத்தான உத்தி பலித்து, 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த அர்ஜென்டினா 2–1 என வீழ்ந்தது.

அதன்பின் 2023இல் பிரான்சின் மகளிர் அணியைப் பொறுப்பேற்று உலகக் கோப்பையின் காலிறுதிவரை அழைத்துச்சென்ற ரெனார், 2024இல் மீண்டும் சவூதி அணிக்குத் திரும்பினார். களத்தில் பெற்ற புகழ் பயிற்சியாளராவதற்கு வழியை எளிதாக்கலாம். ஆயினும் எளிய அணிகளிலும் அயல்நாடுகளிலும் பொறுமையாகத் தொழில் கற்றவர் உச்சத்தைத் தொட முடியும் என்பதற்கு ரெனாரின் வாழ்க்கை உறுதியான சான்றாகும்.