புது வீடு வாங்க தரகரோட போறீங்களா?

தறியில உட்கார்ந்து சேர்த்த பணம் ஒரே கையெழுத்தில் போய்விடக் கூடாது. காஞ்சிபுரத்தில் கட்டி விற்கும் புது வீடு வாங்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

தரகர் கமிஷன் எவ்வளவு, எப்போ தரணும்னு முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வீடு கட்டினவரிடமும் அவர் கமிஷன் வாங்கலாம். அதனால் அவர் வாய்ச்சொல் மட்டும் போதாது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 8 வீடுகளுக்கு மேல் கட்டி விற்பவர், 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். அவற்றை விற்றுத்தரும் தரகரும் பதிவு பெறணும். இருவரின் பதிவு எண்ணையும் கேளுங்கள். அங்கே, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

சின்ன மனையில் கட்டிய தனி வீடா? மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி நான்கையும் நாமே பார்க்கணும். நம்மூர் கோயில் ஊர். மனை கோயில் நிலமா என்றும் விசாரியுங்கள். அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால், 1959-ம் ஆண்டு சட்டப்படி செல்லாது.

குழித்தறி போடுபவர்களுக்கு மாடி வீடு உதவாது, தரைத்தளமே வேணும்.

10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பது 1.4.2025 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்திரத்தை உங்க பேர்லயே போடுங்க!

படிச்சுப் புரியலைன்னா வக்கீலிடம் காட்டுங்க. கையெழுத்து அப்புறம்தான்.