மலை இறக்கத்தில் ‘நியூட்ரல்’! டீசலும் மிச்சமில்லை, உயிரும் மிச்சமில்லை

டிரெய்லர் டிரைவர்களைப் பலி வாங்கும் பொய்க்கணக்கு

சென்னை,

காத்திவாக்கத்தில் மலையும் இல்லை, மேடும் இல்லை. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே எண்ணூர் முகத்துவாரம். சைக்கிளில் பெடல் மிதிக்கிறவன்கூட மூச்சு வாங்க வேண்டாத தட்டை ரோடு.

ஆனால் இந்த ரோட்டில் இரவும் பகலும் ஓடும் டிரெய்லர் லாரிகளின் டிரைவர்களுக்கு மலைதான் எமன்!

துறைமுகத்தில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்புகிற வண்டி, பொழுது விடியும்போது ஓசூர் மேட்டில் நிற்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம். இந்த ஏற்றத்தை வண்டி முக்கி முனகி ஏறிவிடும். ஏறும்போது வண்டி நின்றுபோனால் டீசல் நஷ்டம், நேரம் நஷ்டம். அதோடு போயிற்று.

இறங்கும்போது வண்டி நிற்காவிட்டால்?

தொப்பூர் கணவாய்

ஓசூரில் சரக்கை இறக்கிய வண்டி காலியாகத் திரும்பினால் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. சேலம், கோவை, தூத்துக்குடி பக்கம் லோடு கிடைத்தால் ஏற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகத் தெற்கே போகும். வழியில் இருக்கிறது தொப்பூர் கணவாய். பெங்களூர்-சேலம் தேசிய நெடுஞ்சாலையில், சேலம் நோக்கி இறங்கும் சரிவு அது.

2020-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அங்கே சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்தது. முன்னால் இருந்த வண்டிகள் மீது வரிசையாக மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அப்பளமாக நொறுங்கின. 4 பேர் பலி.

2024-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி மறுபடியும் அதே கணவாய். லாரிகளும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. கார் தீப்பற்றி எரிந்தது. அப்போதும் 4 பேர் பலி. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்துப் பதறியது.

ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் கணவாயில் இறங்கும் லாரி டிரைவர்களுக்குப் போலீசார் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்:

“நியூட்ரல் போடாதே!”

ஒன்பது குடம் தண்ணீர் கொதிக்கும்

கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சரிவில் உருள விடுவதுதான் நியூட்ரல். இன்ஜின் இரைச்சல் அடங்கிவிடும். வண்டி தண்ணீரில் மிதப்பதுபோலப் போகும். “என்ன அண்ணே, வண்டி பறக்குதே” என்று கிளீனர் பையன் சந்தோஷப்படுவான்.

அப்போது 40 டன் எடையைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் பிறக்கும் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக் மட்டும் பிடித்தால் அத்தனையும் சூடாக மாறிப் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். அந்தச் சூட்டில் ஒன்பது குடம் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கலாம்!

அந்தச் சூட்டில் டிரம் விரியும். லைனிங் தீய்ந்து வழவழப்பாகும். நாற்றம் வரும், புகை வரும். அதன் பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு இருக்காது. பிரேக் ‘பெயிலியர்’ என்று மறுநாள் பேப்பரில் வருகிறதே, அதில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சூடுதான். மேலே நன்றாக இருந்த பிரேக், பாதி மலையில் செத்துப்போகிறது.

மிச்சம் எங்கே?

எதற்காக இந்த விபரீத விளையாட்டு? டீசலுக்காக!

ஒரு டிரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு டிரைவரிடம் கொடுப்பது லாரித் தொழிலில் பல இடங்களில் உள்ள வழக்கம். மிச்சம் பிடித்தால் அவனுக்கு லாபம். கூடப் போனால் கைக்காசு. வீட்டு வாடகையும் பள்ளிக்கூட பீசும் கண் முன்னால் நிற்கும்போது, சரிவில் இன்ஜினுக்கு ஓய்வு கொடுத்தால் நாலு லிட்டர் மிஞ்சாதா என்று மனசு கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கே தப்பு!

இப்போது வருகிற லாரிகளில் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சரிவில் சக்கரமே இன்ஜினைச் சுற்றும். கம்ப்யூட்டர் டீசலை அடைத்துவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரல் போட்டாலோ இன்ஜின் அணைந்துவிடாமல் ஓட டீசல் வேண்டும். பிரேக் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டிய செங்குத்துச் சரிவில், கியரில் வருகிறவனுக்குச் செலவில்லை; நியூட்ரலில் வருகிறவனுக்குத்தான் செலவு!

சிலர் இன்னும் ஒருபடி மேலே போய் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். லாரி பிரேக் காற்றில் வேலை செய்கிறது. அந்தக் காற்றை அடைத்துக் கொடுக்கும் கம்ப்ரசர் இன்ஜினோடு சுற்றுவது. இன்ஜின் நின்றால் காற்றும் நின்றது. ஒவ்வொரு மிதிக்கும் டாங்கியில் இருக்கும் காற்று குறையும். ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

பழைய டிரைவர்களின் பாடம் ஒரே வரி: எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரில் இறங்கு. மேலேயே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சரிவில் வேகம் பிடித்த பிறகு கியர் விழாது. எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதையும் போட வேண்டும். கால் பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட வேண்டும். வண்டிக்குக் கடிவாளம் கியர்தான்.

மடக்குக் கத்தி

சாதா லாரியைவிட டிரெய்லருக்கு ஆபத்து ஒருபடி அதிகம். அது ஒரு வண்டி அல்ல, இரண்டு வண்டி. முன்னால் இழுக்கிற இன்ஜின் வண்டி. பின்னால் பெட்டியைச் சுமக்கிற டிரெய்லர். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ‘கிங் பின்’ எனப்படும் ஒரே ஒரு இரும்பு முளை. அதன் பருமன் 2 அங்குலம்.

வளைவில் முன் வண்டி சட்டென்று பிரேக் பிடித்து, பின்னால் இருப்பது பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? டிரெய்லர் முன் வண்டியைத் தள்ளும். மடக்குக் கத்தி மடிவதுபோல இரண்டும் மடிந்துகொள்ளும். நடுவில் சிக்குவது டிரைவர் உட்கார்ந்திருக்கும் கேபின்.

கன்டெய்னரை டிரெய்லரோடு பூட்டும் நாலு மூலைப் பூட்டும் சரியாக விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் வண்டி திரும்பும், பெட்டி திரும்பாது. பக்கத்தில் போகிற காரின் மேல் சாயும்.

110 ஆண்டு ஜெயில்

அமெரிக்காவில் ‘ராக்கி’ மலைகள் இருக்கின்றன. அங்கே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள வீட்டையே சக்கரத்தில் ஏற்றி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போவார்கள். அவர்களுக்கும் முதல் பாடம், ‘கியரைக் குறைத்து இறங்கு’ என்பதுதான்.

அந்த மலை ரோடுகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பிரேக் போன வண்டிக்காக, ரோட்டோரம் மேல்நோக்கி ஏறும் கிளைப்பாதை போட்டுச் சரளைக் கல்லை ஆழமாகக் கொட்டியிருப்பார்கள். அதில் ஏறினால் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும்.

2019-ம் ஆண்டு ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தில் 23 வயது லாரி டிரைவர் ஒருவர் பிரேக் போன நிலையில் அந்தக் கிளைப்பாதையைத் தாண்டி வந்துவிட்டார். மலையடிவாரத்தில் நெரிசலில் நின்ற வண்டிகள் மீது லாரி மோதியது. 4 பேர் பலி. 2021-ம் ஆண்டு டிசம்பரில் கோர்ட்டு அவருக்கு விதித்த தண்டனை 110 ஆண்டு ஜெயில்! லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். அதே மாதக் கடைசியில் கவர்னர் அதை 10 ஆண்டாகக் குறைத்தார்.

நம் ஊரிலும் சட்டம் இறுகிவிட்டது. அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் ஏற்படுத்தினால் பழைய சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு ஜெயில். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 5 ஆண்டு.

டிரைவர் மட்டும்தானா?

ஜெயிலுக்குப் போகிறவன் டிரைவர். ஆனால் குற்றம் அவன் ஒருவனுடையதா?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. துறைமுக வாசலுக்குப் போகிற ரோட்டில் கியூ நீளும் நாட்களில், அந்த 8 மணி நேரம் சரக்கு ஏறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ‘ஓட்டு’ என்கிறார்கள். கண்ணெரிச்சலோடு மலைக்குப் போகிறவனுக்குக் கை தானாக நியூட்ரலைத் தேடுகிறது.

லைனிங் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியது முதலாளி. டீசல் அளவைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் வைக்காமல் இருக்க வேண்டியதும் முதலாளிதான். மலைக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டி ஒரு கட்டிங் டீ குடித்து, டயரையும் டிரம்மையும் தொட்டுப் பார்க்க இடம் போட்டுத் தரவேண்டியது சர்க்கார்.

தொப்பூரில் கனரக வண்டிகளுக்கு மணிக்கு 30 கிலோ மீட்டர்தான் வேகம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். உயர்மட்டச் சாலை கட்டும் திட்டத்தையும் எடுத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் புது ரோட்டிலும் கியர் போட வேண்டியது டிரைவரின் கைதான்.

மேலேயிருந்து கியரில் இறங்கினால் கணவாயைக் கடக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம் கூட ஆகலாம். காத்திவாக்கத்தில் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறவளுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் பெரிசில்லை.