மதிலுக்குள் ஓர் ஒயின் ஊர்

பிரான்சின் பர்கண்டி ஒயினுக்குத் தலைநகர் என்று பெயர் பெற்ற போன், பழைய மதிலுக்குள் அடங்கிய சிறிய ஊர். திஜோன் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். நிலையத்திலிருந்து ஊரின் நடுவுக்கு நடைதான். தனியாக வருபவருக்கு இவ்வளவு இசைவான ஒயின் ஊர் கிடைப்பது அரிது. ஒரே நாளில் எத்தனை தோட்டம், எத்தனை கோப்பை என்று கணக்குப் போட்டு ஓடும் கூட்டத்தோடு வந்தால், ஊரில் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

சனிக்கிழமையாக இருந்தால் முதலில் சந்தை. வோக்கோசு இலை போட்டு உறையவைத்த பன்றி இறைச்சி, தெருமுனையிலேயே மணம் தூக்கும் எப்வாஸ் பாலாடைக்கட்டி, காய்கறி, தேன் எல்லாம் அங்கே உண்டு. பசித்தால் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட 'கூஜேர்' ஒன்றை வாங்கிக் கடித்தபடி நடக்கலாம். மதியச் சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

சந்தைக்கு எதிரே நிற்கிறது 'ஓத்தெல் தியு', அதாவது ஏழைகளுக்கான பழைய மருத்துவமனை. தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கூரைதான் தெரியும். உள்முற்றத்தில் கால் வைத்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு என்று மெருகேற்றிய ஓடுகள் கட்டம் கட்டமாக மின்னுகின்றன. பர்கண்டி கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலானும் அவர் மனைவி கிகோன் தெ சலானும் 1443இல் இதை நிறுவினார்கள். போரும் பஞ்சமும் நாட்டை உலுக்கியெடுத்த காலம் அது. நீண்ட கூடத்தில் இரு சுவரோரமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. கூடத்தின் கோடியில் வழிபாட்டு மேடை; நோயாளிகள் படுத்தபடியே பூசை காண முடிந்தது. ரோகியர் வான் டெர் வைடன் தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' ஓவியமும் இங்கேதான் இருக்கிறது. அதில் மிக்கேல் தூதர் தராசு பிடித்து ஆன்மாக்களை நிறுக்கிறார். அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் "போகலாமா?" என்று அவசரப்படுத்த ஆள் இல்லாததுதான் தனியாக வந்ததன் பெரிய லாபம்.

மருந்தறையை விட்டுவிடக் கூடாது. அலமாரி நிறையப் பீங்கான் சாடிகள், ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயர். அவற்றில் ஒன்று எட்டிக்கொட்டைத் தூள். நம் காடுகளில் வளரும், சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் அதே எட்டிதான்! கசப்பும் நஞ்சும் கலந்த அந்தக் கொட்டை கடல் கடந்து பர்கண்டி வரைக்கும் வந்திருக்கிறது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நூற்றாண்டுக் கணக்கில் பக்தர்களும் செல்வர்களும் எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களிலிருந்து. இன்று அவை சுமார் 60 ஹெக்டேர். அவற்றில் விளையும் ஒயின் 1859 முதல் பீப்பாய் பீப்பாயாக ஏலம் போகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிறுதான் ஏல நாள். முன்பெல்லாம் மரபுப்படி சிறு மெழுகுவத்தி ஏற்றி, அது அணையும்வரை விலை கேட்டார்கள். 1971 வரை நோயாளிகளைப் பார்த்த பழைய கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஏலப் பணம் புதிய மருத்துவமனைக்கும் அறப்பணிகளுக்கும் போகிறது. ஒயினை வெறும் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த ஊர்க் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மதியத்துக்குமேல் வாடகைச் சைக்கிள் எடுத்தால், திராட்சை வரிசைகளுக்கு நடுவே போடப்பட்ட பாதை பொம்மார், வொல்நே, மெர்சோ ஊர்களுக்குக் கொண்டுபோகும். தாழ்ந்த கல்சுவர்கள் சரிவைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு 'கிளிமா'. அதற்குத் தனிப் பெயர், தனி மதிப்பு. 1,200க்கும் மேற்பட்ட இந்தத் துண்டுகளை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. நிலத்தின் சாய்வும், மண்ணில் சுண்ணாம்பும் களியும் கலந்திருக்கும் அளவும் மாறுவதால், ஒரே பினோ நுவார் திராட்சை அடுத்தடுத்த துண்டுகளில்கூட வேறு வேறு சுவை தருகிறது. மெர்சோவில் வெள்ளை ஒயின், அதாவது ஷார்தொனே.

சுவைக்கூடங்களில் ஒரு வாய் சுழற்றிச் சுவைத்துவிட்டுத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. அதற்கென்றே கலயம் வைத்திருப்பார்கள். சைக்கிளில் திரும்ப வேண்டியவருக்கு அதுவே நல்லது. மதுவே வேண்டாம் என்றால் 1840 முதல் கடுகு அரைக்கும் ஃபலோ ஆலைக்குப் போகலாம். சூடேறினால் காரமும் மணமும் போய்விடும் என்பதால் இன்னும் கல் எந்திரத்தில் மெதுவாக அரைக்கிறார்கள்.

ஏலத்தை ஒட்டிய நாட்களில் அறை கிடைப்பது பெரும்பாடு. நிதானமாகச் சுற்ற விரும்புபவர்களுக்குக் கொடியில் இலை தழைக்கும் மே, ஜூன் மாதங்களே ஏற்றவை.