மலையேறுங் கயிற்றைக் கழுவி உலர்த்தும் முறை

1865-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மாட்டர்ஹார்ன் கொடுமுடியை முதன்முதல் எய்திய எழுவர் இறங்கி வருங்கால், அவருள் ஒருவர் கால் வழுக்கிற்று. ஒருவரோடொருவரைப் பிணித்திருந்த கயிறு இடையில் அறுந்தது. நால்வர் வீழ்ந்து மாண்டனர். அறுந்த கயிறு, தாம் கொண்டுசென்றவற்றுள் பழையதும் வலி குறைந்ததுமாகும் என உயிர் பிழைத்த எட்வர்டு விம்ப்பர் பின்னர் எழுதினார். அதன் துண்டொன்று செர்மாட் என்னும் ஊரின் பொருட்காட்சிச் சாலையில் இன்றும் உளது. கயிற்றைப் பேணுதல் சிறு பொருளெனத் தோன்றினும், யாம் அதனை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே.

விம்ப்பர் காலத்துக் கயிறுகள் செடிநாராற் றிரிக்கப்பட்டவை. ஈரத்தோடு சுருட்டி வைப்பின் உள்ளே மக்கிவிடும். இக்காலத்துக் கயிறோ நைலான் இழையாலாயது. 1953-இல் ஜெர்மனி நாட்டு எடெல்ரிட் கம்பெனியார் இயற்றிய கெர்ன்மாண்டல் என்னும் அமைப்பே இன்று வழங்குவது. அந்நாட்டு மொழியிற் கெர்ன் என்பது உள்ளீடு. மாண்டல் என்பது மேலாடை. வலிமையிற் பெரும்பங்கு உள்ளீட்டின்கண் உளது. ஆகவே நம் கண்ணுக்குப் புலப்படுவது ஆடை. உயிரைத் தாங்குவது மறைந்து கிடக்கின்றது.

மண்ணும் மணலும் உறையின் பின்னலிடையே நுழைந்து உள்ளே தங்கும். கயிறு வளையுந்தோறும் நீளுந்தோறும் அவற்றின் கூரிய விளிம்பு நுண்ணிழைகளை அறுக்கும். எறும்பூரக் கல்லும் தேயுமெனின், மணலூர நைலான் தேயாதோ? ஆயினும் ஒவ்வொரு முறை ஏறியபின்னும் கழுவவேண்டுவதில்லை. கயிறு விறைத்து, பிடிக்குங் கையிற் கருமை ஒட்டுமாயின், அப்பொழுது கழுவுக.

அகன்ற தொட்டியில் 30 பாகைச் சென்டிகிரேடுக்கு மேற்படாத நீர் போதும். சித்திரை வெயிலில் நம் மாடித் தொட்டி நீரே இவ்வளவைக் கடந்துவிடுமாதலின், விடியலில் நீரெடுத்தல் நன்று. காரமும் அமிலமும் மிகாத மென்மையான சவர்க்காரம் சிறிதே சேர்க்கலாம். வெளுப்புத்தூள் கூடவே கூடாது. கயிற்றை நீருள் முழுதும் அமிழ்த்தி, ஒரு முனை தொடங்கி மறுமுனைகாறும் கைவழியே மெல்ல உருவுக. நீர் தெளியுமளவும் பன்முறை அலசுக. அழுக்கு நீங்குதலினும் இவ்வுருவுதலே பெரும்பயன் என்பது எம் கருத்து. விரலிடையே ஓரிடம் மெலிந்தோ, சப்பையாகவோ, கணுப்போற் புடைத்தோ தோன்றுமாயின், உள்ளீடு ஊறுபட்டதென ஐயுறல் வேண்டும். அத்தகைய கயிற்றில் ஒருவர் உயிரைத் தொங்கவிடலாகாது.

கழுவுதலிற் கெடும் கயிற்றினும் உலர்த்துதலிற் கெடுவது மிகுதி என்னலாம். நைலான் நீரை உறிஞ்சும் இயல்பினது. நனைந்த கயிறு எடை கூடுவதன்றி, வீழ்ச்சியைத் தாங்கும் ஆற்றலிலும் குறைகின்றது. உலர்ந்தபின் அவ்வாற்றலிற் பெரும்பகுதி மீளும். இதனை அறிந்தோர் விரைந்துலர்த்த விரும்பி, துணியைப் போல மாடியில் வெயிலிற் பரப்புவர். அன்றி அடுப்பருகே வைப்பர். இரண்டும் தீதே. ஞாயிற்றொளியின் புறஊதாக் கதிர் நைலானின் அணுத்தொடர்களை முறிக்கும். மிக்க வெப்பமும் இழையைக் கெடுக்கும். காற்றோட்டமுள்ள நிழலில், வழவழப்பான மூங்கிற் கழியின்மீது நெகிழத் தொங்கவிடுதலே தக்கது. ஆணியில் மாட்டுதல் ஆகாது. இரண்டு மூன்று நாள் செல்லும். மழைக்காலமாயின் இன்னும் நீளும். உறை உலர்ந்தமை கொண்டு உள்ளீடும் உலர்ந்ததெனத் துணியற்க. கயிற்றை மடித்து அழுத்தி, உள்ளே குளிர்ச்சி தட்டுகின்றதா எனப் பார்க்க.

உலர்த்தும் இடத்தில் மோட்டார் வண்டியின் பாட்டரி இருத்தலாகாது. அதன் அமிலமும் அமில ஆவியும் வெளியில் வடுவொன்றுங் காட்டாமலே நைலானின் வலியைக் குலைத்துவிடும்.

நனைந்துலர்ந்த கயிறு நீளத்திற் சுருங்குவதும் உண்டு. நூற்றுக்கு ஐந்து சுருங்கினும் 60 மீட்டர்க் கயிறு 57 மீட்டராகும். அதனை அறியாது 30 மீட்டர் உயரத்தினின்று தோழனை இறக்கின், அவன் நிலத்தை எய்துமுன் கயிற்றின் கடைமுனை தாங்குவோன் கையினின்று நழுவிப்போம். ஆதலின் உலர்ந்தபின் மீண்டும் அளந்து, நடுவிடத்து அடையாளம் பிறழ்ந்திருப்பின் திருத்தி, மலையடியில் ஏறத் தொடங்குமுன் கடைமுனையில் ஒரு முடிச்சிடுக.