கணினிக்குள்ளும் ஒரு பெரட்டு உண்டு

நம் தோட்டங்களில் கணினி படிக்கும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். கடன்பட்டாவது ஒரு பழைய கணினி வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு. ஆனால், "அது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு வெளங்காது" என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். அப்படி ஒதுங்கத் தேவையில்லை.

கணினி தானாக ஒன்றும் செய்யாது. அதனிடம் வேலை வாங்குவது ஒப்பரேட்டிங் சிஸ்டம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் பணிசெயல் முறைமை என்பார்கள். விண்டோஸ், லினக்ஸ், நம் கைப்போனில் உள்ள அண்ட்ரொய்ட் எல்லாம் இதன் வகைகளே.

காலையில் பெரட்டுக்களத்தில் என்ன நடக்கிறது? இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் கவ்வாத்துக்கு, இத்தனை பேர் மருந்தடிக்க என்று பிரிக்கிறார்கள். பெரட்டே இல்லாவிட்டால் ஒரே நிரையில் பத்துப் பேர் நிற்பார்கள். மற்ற நிரை முற்றிப்போகும். கணினிக்குள் பெரட்டு நடத்துவதுதான் ஒப்பரேட்டிங் சிஸ்டம். அதற்கு முக்கியமாக நான்கு வேலைகள்.

முதலாவது, நேரத்தைப் பங்கிடுவது. பாட்டு ஓடுகிறது, கடிதமும் எழுதுகிறோம். புரொசசரின் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, இரண்டுக்கும் மாறி மாறிக் கொடுக்கிறது. அந்த வேகத்தில் இரண்டும் ஒன்றாக நடப்பதுபோல நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது, இடத்தைப் பங்கிடுவது. வேலை நடக்கும் இடம் ரேம். ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பதுபோல, ஒவ்வொரு வேலைக்கும் ரேமில் ஓரிடம் கொடுக்கிறது. இடம் போதாவிட்டால் சிலதை வன்தட்டுக்கு மாற்றும். வன்தட்டு ரேமைவிட மெதுவானது. அதனால்தான் "மெசின் இழுக்குது" என்கிறோம். உடனே கடைக்குத் தூக்காமல், தேவையில்லாததை மூடிப் பாருங்கள்.

மூன்றாவது, கோப்புகளைப் பதிந்து வைப்பது. எந்தக் கோப்பு வன்தட்டில் எங்கே இருக்கிறது என்று செக்ரோல்போல ஒரு பதிவு வைத்திருக்கும். நாம் சேமித்ததைச் சற்று நேரம் ரேமில் வைத்திருந்தும் எழுதும். கரண்ட் நின்றால் ரேமில் உள்ளது அழிந்துபோகும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி நிறுத்தாதீர்கள். அது, நிறுத்த கொழுந்தைப் பதியுமுன் புத்தகத்தைப் பறிப்பது மாதிரி. ஷட் டவுன் கொடுத்தே நிறுத்துங்கள். கரண்ட் அடிக்கடி போகும் லயங்களில், எழுதும்போதே இடையிடையே சேமிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

நான்காவது, கருவிகளை நடத்துவதும் காவல் காப்பதும். கீபோர்ட், பிரின்டர் எல்லாம் இதன் சொற்படிதான் நடக்கும். யாரை உள்ளே விடுவது என்றும் இதுவே பார்க்கும். காவலில் ஓட்டை விழுந்தால், தயாரித்தவர்கள் திருத்தம் அனுப்பி அடைப்பார்கள். அதுதான் அப்டேட்.

இங்கேதான் நம் காசு விஷயம் வருகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடித்துக்கொண்டது. அந்தக் கணினிகள் தொடர்ந்து ஓடும். ஆனால் வழக்கமான அப்டேட் வராததால் காவல் தளரும். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல பழைய கணினிகளில் இது இல்லை.

ஆகவே பழைய கணினி வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் எந்த ஒப்பரேட்டிங் சிஸ்டம்? ரேம் எவ்வளவு? அப்டேட் இன்னும் வருகிறதா?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிவைத்த லினக்ஸ் உண்டு. அண்ட்ரொய்டுக்கும் அடித்தளம் அதுவே. உபுண்டு, மின்ட் முதலிய லினக்ஸ் வகைகளைக் காசில்லாமல் பெறலாம். பழைய கணினிகள் பலவற்றில் ஓடும். போடுமுன் பிள்ளையின் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அழிந்துபோகலாம். பள்ளிக்கூடப் பாடத்துக்கு அது ஒத்துவருமா என்று ஆசிரியரிடமும் கேளுங்கள்.

இன்று இரவு, இந்த நாலு வேலையும் என்னவென்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை தடுமாறினால், பெரட்டைச் சொல்லி நீங்களே விளங்கவையுங்கள்.