இத்தாவில் இருக்கும் தாயாரும் இராணுவ ஓய்வூதியமும்

ஓய்வூதியம் வாங்கிய முன்னாள் படைவீரர் வஃபாத்தாகிவிட்டால், "உம்மாவின் இத்தா முடியட்டும், பிறகு பென்ஷனைப் பார்ப்போம்" என்று பிள்ளைகள் இருந்துவிடுகிறார்கள். இது தவறு. அந்த நான்கு மாதம் பத்து நாளில் இறந்தவர் கணக்கில் ஏறும் ஓய்வூதியம் பின்னால் பிடித்தம் செய்யப்படும். உம்மாவுக்கு உரிய குடும்ப ஓய்வூதியமும் தள்ளிப்போகும்.

தாயார் வாசற்படி தாண்ட வேண்டியதில்லை. இராணுவ ஓய்வூதியத்துக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்தில் மகனோ மருமகனோ மரணத்தைத் தெரிவிக்கலாம். ஓய்வூதிய ஆணை எண், இறப்புச் சான்று, தாயாரின் ஆதார், அவர் பெயரிலான வங்கிக் கணக்கு ஆகியவை கையில் இருக்கட்டும்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். படைப் பதிவேட்டில் 'பாத்திமா பீ', ஆதாரில் 'பாத்திமா பீவி' என்றிருந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். பிறந்த தேதியும் அப்படியே. கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்தினால் வேலை எளிது. ஆகவே அத்தா நலமாக இருக்கும் வீடுகளில் இன்றே ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். மனைவி பெயரே அதில் இல்லையென்றால், கடலூர் முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் வழியாகப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கிய பின், ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 2014இல் வந்த 'ஜீவன் பிரமான்' முறையில் முதலில் கைரேகை கேட்டார்கள். வேலை செய்து தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காமல் திரும்பிய முதியவர்கள் எத்தனையோ பேர். 2021 முதல் முகத்தைக் காட்டினாலே போதும். பிள்ளையின் கைபேசியிலேயே பரங்கிப்பேட்டை வீட்டிலிருந்தும் லால்பேட்டை வீட்டிலிருந்தும் செய்யலாம். கைபேசி இல்லாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கு அழைக்கலாம், சிறு கட்டணம் உண்டு.

ஒன்றில் கவனம் தேவை. ஓய்வூதியம் வழங்குவது யார் என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் 'ஸ்பர்ஷ்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்று வேறிடம் போய்ச் சேரும், ஓய்வூதியம் நின்றுவிடும்.

"சான்று முடித்துத் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று எவர் அழைத்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இணையம் கைவராதவர்கள் ஓய்வூதிய ஆணையின் நகலுடன் அருகிலுள்ள பொதுச்சேவை மையத்துக்குப் போகலாம். ஸ்பர்ஷ் வேலைகளை அங்கும் செய்து தருகிறார்கள்.