வலி தெரியாத பாதம்

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரங்க இருந்தால், இதை அவசியம் படியுங்கள் தோழிகளே!

என் மாமியாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. சமீபத்தில் காலில் கருவேல முள் ஏறி, சீழ் பிடித்த பிறகுதான் பார்த்தோம். "வலியே தெரியலையேம்மா" என்றார்.

தென்காசியில் டாக்டரிடம் காட்டினோம். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்தி, "தெரியுதா?" என்று பல இடங்களில் கேட்டார். வெறும் 10 கிராம் அழுத்தம்தானாம். அடுத்து, அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரலில் வைத்தார். வலியும் சூடும் மெல்லிய நரம்பு வழியாகவும், அதிர்வு தடித்த நரம்பு வழியாகவும் போவதால் இரண்டையும் சோதிக்கணுமாம். நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், மரத்துப்போவது பாதத்தில்தான் ஆரம்பிக்குமாம்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளைக் கவனித்தபோது, அவர்கள் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களால்தான் சேதமாகின்றன என்று கண்டறிந்தார். சர்க்கரைக்காரர் பாதத்துக்கும் இதே கதைதான்.

எனவே தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். வெந்நீரின் சூட்டை வீட்டிலுள்ள வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.

– ஒரு வாசகி, குத்துக்கல்வலசை.